மூன்று சூப்புக் கடைகளும் ஒரு வயிற்றுப் புண்ணும்

அந்த வீட்டுக்குள் மிளகாய் நுழைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. காரணம் வீட்டுக்காரரின் வயிறு.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நின்றுகொண்டிருக்கும் வண்டியைத் திடீரென்று பாய விடுவார்கள், பாய வேண்டிய இடத்தில் நிறுத்தித் தொலைப்பார்கள். பக்கத்து இருக்கையின் கீழே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. நாள் முழுக்க அதை மிதித்து மிதித்து, அந்த அதிர்ச்சியெல்லாம் வயிற்றில் போய்ப் புண்ணாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். டாக்டர் என்னவோ காரத்தையும் புளிப்பையும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள் என்று அவருக்கு மட்டும்தான் சொன்னார். இவர்தான் அந்தத் தடையை வீடு முழுவதற்கும் பரப்பிவிட்டார். பக்கத்தில் ஒருவர் காரமாகச் சாப்பிட்டால் அந்த வாசனையே தன் புண்ணைக் கிளறுகிறதாம்.

வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அதை ஏற்றார்கள். ஒருத்தி அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இன்னொருத்தி அவருடைய தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர், ஆள் அண்ணனைவிட அரையடி உயரம். குட்டி அவர் மனைவியை அண்ணி என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.

புண் வந்ததிலிருந்து வீட்டுக்காரருக்கு ராஜ உபசாரம்தான். சந்தைக்குப் போனால் பை தூக்க வேண்டாம். மொட்டை மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டாம். மாமியார் வீட்டுக்குப் போகவே வேண்டாம், அந்தக் குலுக்கல் வயிற்றுக்கு ஆகாது. சாயங்காலம் சோபாவில் சாய்ந்து, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு, யாராவது பக்கத்தில் வந்தால் மட்டும் லேசாக முனகுவார். அண்ணி உப்பைக் கிள்ளிப் போட்டு, மிளகாயைக் கண்ணிலேயே காட்டாமல், வெந்தும் வேகாத நிறத்தில் காய்களைச் சமைத்துப் பரிமாறுவாள். மூன்று பேரும் மருந்து குடிக்கிற முகத்தோடு சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

முதலில் தடம் மாறியது குட்டிதான். அவள் ஓட்டும் பேருந்து கடைசியாகப் போய் நிற்கும் இடத்தில், டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை இருந்தது. நீலப் பிளாஸ்டிக் முக்காலிகள், வாசலில் ஒரு பெரிய அண்டா, அதிலிருந்து பட்டையும் அன்னாசிப்பூவும் கலந்த ஆவி. இடைவேளையில் பேருந்தின் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளை அந்த ஆவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அன்று வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் அண்ணியின் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கேட்கும்போதே அண்ணிக்கும் ஊறியது.

இரண்டு பேரும் சேர்ந்து போக ஒரு சாக்கு வேண்டுமே. நீச்சல் வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்குத் தண்ணீரென்றால் பயம், கூட வருகிறேன் என்று சொல்ல மாட்டார் என்பது அண்ணியின் கணக்கு. அப்படியே ஆயிற்று. வாரத்தில் குட்டிக்கு விடுப்பு விழும் நாளில், அண்ணி கண்ணாடிக் கடையிலிருந்து மத்தியானமே கிளம்பிவிடுவாள். திரும்பும்போது சாப்பாட்டுக் கடையின் கை கழுவும் தொட்டியில் துண்டுகளை நனைத்துப் பிழிந்து பையில் போட்டுக்கொள்வார்கள். எந்த அளவுக்குக் கற்றிருக்கிறீர்கள் என்று ஒருநாள் வீட்டுக்காரர் விசாரித்தார். இப்போதைக்கு மிதக்கிறோம் என்றாள் குட்டி. வயிறு நிறைந்திருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

டயர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வியட்நாமின் தெற்குப் பக்கத்து மனிதர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். ஃபோ என்ற சூப்பை ஒரு குண்டானில் கொண்டுவந்து வைத்தால், கூடவே ஒரு தட்டு நிறைய இலைகள் வரும். துளசி மாதிரி ஒன்று, புதினா மாதிரி ஒன்று, ரம்பம் மாதிரி விளிம்புள்ள நீளமான ஒன்று, மேலே முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு, நறுக்கிய மிளகாய். எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டு, இனிப்பான கறுப்புச் சாறு ஒன்றை ஊற்றிக் கலக்கிச் சாப்பிட வேண்டும். அண்ணி மிளகாயை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, நாளெல்லாம் பிறர் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற தனக்கு இத்தனை நாள் யாரும் இதைச் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பான் சேயோ சாப்பிட்டார்கள். அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து வார்த்து, உள்ளே இறாலையும் முளைப்பயறையும் வைத்து மடித்தது. தட்டைவிடப் பெரியது. கையால் பிய்த்து, கீரை இலையில் சுருட்டி, மீன் சாறில் தோய்த்துக் கடித்தால் நொறுங்குகிற சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்கும்.

தங்கள் ஊர்ச் சமையல் தாராளமான மனசு உள்ளது என்று அந்தக் கடைக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார். ஏன், மற்ற ஊர்க்காரர்களுக்கு மனசு இல்லையா என்று குட்டி வாயைக் கிளறினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வடக்கத்திக்காரர் ஒருவர் கடை வைத்திருப்பதாகவும், அவர் சூப்பில் எலும்பும் தண்ணீரும் இருக்குமே தவிர சந்தோஷம் இருக்காது என்றும் அவர் சொன்னார். அதுவரைக்கும் வியட்நாம் சாப்பாடு என்றால் ஒரே சாப்பாடுதான் என்று நினைத்திருந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு புதையலின் வாசல் திறந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே பாலத்தைத் தாண்டினார்கள்.

அங்கே முக்காலி இல்லை, மர நாற்காலி. சுவரில் படம் இல்லை, கடிகாரம் மட்டும். கடைக்காரர் ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு நின்றார். பார்த்த உடனே குட்டி அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் கொண்டுவந்த ஃபோவில் அகலமான நூடுல்ஸ், கறித்துண்டுகள், வெங்காயத் தாள். அவ்வளவுதான். இலைத் தட்டு எங்கே என்று தேடினாள் குட்டி. இனிப்புச் சாறு கேட்டாள். வாத்தியார் அவள் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கி, சூப்பில் ஒரு தடவை முக்கி, திரும்ப அவள் கையில் கொடுத்து, முதலில் குடித்துப் பாருங்கள் என்றார். வேண்டுமானால் பூண்டு ஊறிய வினிகர் ஒரு சொட்டு விடலாம், அதற்கு மேல் போனால் சூப்புக்கு அவமானம் என்பது அவர் கட்சி.

அண்ணி குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தாள். அடியில் வரைந்திருந்த நீலப் பூவின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. ஒரு வாய் குடித்தாள். பிறகு தன் தொழில் வழக்கப்படி, போன வாரம் குடித்தது தெளிவா இது தெளிவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இதுதான் என்று மனசு சொன்னது. அன்றிலிருந்து அவள் வடக்குக் கட்சி. சுட்ட கறியைச் சாறில் மிதக்க விட்டு, நூடுல்ஸைத் தனியாக வைத்துக் கொடுக்கும் பூன் சா என்ற பண்டத்தையும் அங்கேதான் தெரிந்துகொண்டாள். குட்டி தெற்கை விடவில்லை. இலை இல்லாத சூப்பு தலை வாராத ஆள் மாதிரி இருக்கிறது என்றாள்.

அதற்கப்புறம் குட்டி ஒரு வேண்டாத வேலையும் செய்தாள். ஒரு முனையில் ஏறுகிறவர்களை மறுமுனையில் கொண்டுபோய் இறக்குவது அவளுக்குப் பழகிய வேலை. இப்போது சொற்களை ஏற்றி இறக்கினாள். சந்தோஷம் இல்லாத சூப்பு என்று தெற்கத்திக்காரர் சொன்னதை வாத்தியாரிடம் இறக்கினாள். சூப்பை ருசியாக வைக்கத் தெரியாதவன்தான் அதைத் தோட்டத்தால் மூடுவான் என்று வாத்தியார் சொன்னதை டயர் கடைப் பக்கம் கொண்டுவந்து இறக்கினாள். அண்ணி கண்டித்தாள். ஆனால் அடுத்த பதில் என்ன வந்தது என்று முதலில் கேட்டதும் அவள்தான்.

வடக்கும் தெற்கும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின. நடுநாட்டில், முன்பு அரசர்கள் இருந்த ஹுவே என்ற பழைய தலைநகரத்துப் பெண்மணி ஒருத்தி துணி வெளுக்கும் கடைக்கு எதிரே கடை போட்டிருக்கிறாள், அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். நாக்கு பொத்துப்போகும், சாப்பாடும் பொம்மைகளுக்கு வைத்த மாதிரி இத்துனூண்டு இருக்கும் என்றார்கள். இந்த இரண்டு பெண்களுக்கும் அதைவிட நல்ல அழைப்பு வேறு என்ன வேண்டும்?

நடுநாட்டுக் கடை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு திரை. அதற்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சதுரத் திறப்பு, அதன் வழியாகச் சமையலறையிலிருந்து கிண்ணங்கள் வரும். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உருண்டை முகம், சிரித்தால் ஒரு தோள் மட்டும் குலுங்கும். முதலில் பான் பேயோ வந்தது. ஊறுகாய் வைக்கிற அளவுக்குச் சின்னச் சின்னப் பீங்கான் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆவியில் வெந்த ஒரு வாய் மாவு, நடுவில் குழி, குழியில் பொடித்த உலர் இறால். கரண்டியால் வழித்து வாயில் போட்டால் கரைந்துவிடும். குட்டி தட்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள். அவள் முகம் அந்த அடுக்குக்குப் பின்னால் மறைகிற அளவுக்கு ஆனபோது கடைக்கார அம்மாவின் தோள் குலுங்கியது. அரண்மனையில் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக நிறையச் சாப்பிடுவார்கள் என்றாள். அவளுக்குப் பொம்மையம்மா என்று பெயர் விழுந்தது.

பிறகு பூன் போ வந்தது. உருண்டையான தடித்த நூடுல்ஸ், எலுமிச்சைப் புல்லின் மணம், அதற்கடியில் இறால் விழுதின் கனத்த வாடை, மேலே சிவப்பு எண்ணெய் ஒரு விரற்கடை. முதல் வாய்க்கு அண்ணியின் பேச்சு நின்றது. அடுத்த வாய்க்குக் குட்டியின் பேச்சும் நின்றது, அது அதிசயம். இரண்டு பேரும் நெற்றி வேர்க்க, காது சிவக்க, தண்ணீர் கேட்காமல் கிண்ணத்தைக் காலி செய்தார்கள்.

பொம்மையம்மா பூரித்துப்போய் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வியட்நாம்காரர் அல்லாதவர்களில் இப்படிச் சளைக்காமல் சாப்பிடுகிறவர் இன்னும் ஒரே ஒருவர்தான் உண்டு என்றாள். பாவப்பட்ட மனிதராம். வீட்டில் மனைவியும் தங்கையும் இருக்கிறார்களாம். இரண்டு பேருக்கும் சமைக்கவே வராதாம். உப்பு என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாதாம். நல்லவர்கள்தான், ஆனால் நாக்கே இல்லாத வம்சம் என்று அவர் சொல்லும்போது கேட்கவே கஷ்டமாக இருக்குமாம். அந்தப் பரிதாபத்துக்காகவே தான் அவர் கிண்ணத்தில் எப்போதும் ஒரு கறித்துண்டு கூடப் போடுவதாகச் சொன்னாள்.

அந்தப் பெண்களை நினைத்து அண்ணியும் உச்சுக் கொட்டினாள்.

பொம்மையம்மாவுக்குப் பேச்சு நிற்கவில்லை. ரொம்ப நல்ல மனிதர், ஒரே ஒரு விசித்திரப் பழக்கம்தான், பரிமாறுகிற பெண் தட்டோடு கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், மேசைக்கடியில் அவர் கால் தரையை ஓங்கி மிதிக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அண்ணியின் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்தக் கால்?" என்று கேட்டாள்.

வலது கால்தான் என்றாள் பொம்மையம்மா.

அண்ணி மெதுவாகக் குட்டியைப் பார்த்தாள். குட்டி தட்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து அண்ணியைப் பார்த்தாள். அவருக்கு வயிற்றில் ஏதாவது கோளாறு உண்டா என்று அண்ணி குரலை மாற்றாமல் விசாரித்தாள். முன்பு ஏதோ புண் இருந்ததாம், அது ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவர் நேராக இங்கேதான் வந்தாராம். மழைக்காலம் ஆரம்பித்த சமயம். சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாராம்.

மழைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அண்ணிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டதற்கு, இன்னும் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம் என்று பெருமூச்சு விட்டவர், அன்று ராத்திரி வெந்நீர்ப் பையில் இரண்டாவது தடவை தண்ணீர் மாற்றச் சொன்னார்.  அவருக்கு வலிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு கரண்டியையும் நக்கிப் பார்த்து நக்கிப் பார்த்துப் பரிமாறியது, அந்த ருசியில்லாத சாப்பாட்டைத் தானும் முகம் சுளிக்காமல் தின்றது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்தான் என்று பொம்மையம்மா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அண்ணனை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுகிறேன் என்று குட்டி கொதித்தாள். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வீட்டுல கேட்டா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சோபால சாஞ்சிடுவாரு. அங்க அவரு நோயாளி. இங்கதான் அவருக்கு உடம்பு நல்லா இருக்கு. இங்கயே கேக்கணும்."

அந்த நாக்கில்லாத வம்சம் தாங்கள்தான் என்று பொம்மையம்மாவிடம் உள்ளதைச் சொன்னார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் கொடுத்த கறித்துண்டுகளை நினைத்துப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, கோபத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த நிமிஷம் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அவர் எந்தக் கிழமை வருவார் என்று சொன்னாள். அன்று சமையலறையில் வந்து ஒளிந்துகொள்ளலாம், ஆனால் தன் சமையலறையில் சும்மா நிற்க யாருக்கும் இடம் இல்லை, வந்தால் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டாள்.

அந்தக் கிழமை அண்ணி கண்ணாடிக் கடையில் விடுப்புச் சொன்னாள். குட்டி இன்னொரு ஓட்டுநரோடு முறையை மாற்றிக்கொண்டாள். காலையிலேயே போய் ஏப்ரனும் தலைமுடி வலையும் மாட்டிக்கொண்டார்கள். அண்ணிக்குக் கைப்பக்குவம் உடனே வந்தது. சின்னத் தட்டை முதலில் ஆவியில் சூடாக்கிவிட்டுத்தான் மாவை ஊற்ற வேண்டும், வெந்ததும் நடுவில் தானாகக் குழி விழும், குழி விழாததைப் பொம்மையம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். குட்டியின் பெரிய கைகளுக்கு அந்தத் தட்டுகள் அடங்கவில்லை. பேருந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிற கை இது என்று அவள் முறையிட, எலுமிச்சைப் புல்லை இடிக்க அனுப்பினார்கள். இடித்தாள். உரல் தப்பித்தது பெரிய விஷயம்.

மத்தியானக் கூட்டம் கலைகிற நேரத்துக்கு வாசலில் ஒரு கார் வந்து ஒரே வளைவில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி நின்றது. கூரையில் பயிற்சிப் பலகை. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் இறங்கினார். சதுரத் திறப்பு வழியாகப் பார்த்த அண்ணிக்கு அது வேறு யாரோ மாதிரி இருந்தது. நிமிர்ந்த நடை, சுருட்டிய சட்டைக்கை, சோபாவில் முனகுகிற ஆளின் சாயலே இல்லை. உட்கார்ந்த உடனே மிளகாய்ச் சாந்துக் குப்பியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

பொம்மையம்மா முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு போய், வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு பேரும் ஏதோ நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறார்கள், அந்த நேரத்தில் சமையல் கற்றுக்கொண்டிருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும் என்று ஆரம்பித்தார். தங்கை முட்டை வேகவைத்தால் ஓடு மட்டும்தான் ருசியாக இருக்கும் என்றார். திரைக்குப் பின்னால் உலக்கை ஒரு தடவை பலமாக விழுந்தது. பிறகு மனைவிக்கு வந்தார்.

"அவ வைக்கிற சூப்புல மூக்குக் கண்ணாடியைக் கழுவலாம்ங்க. ஒரு பிசுக்கு ஒட்டாது."

சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார்.  உள்ளே அண்ணி ஒரு கிண்ணத்தை எடுத்து நூடுல்ஸைப் போட்டாள். உப்பில்லாமல், எலுமிச்சைப் புல் இல்லாமல், இறால் விழுது இல்லாமல் தனியாக வேகவைத்திருந்த எலும்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். வெந்த காய் நாலு துண்டு மேலே வைத்தாள். இத்தனை மாதப் பழக்கத்தில் கை தானாகவே அதைச் செய்தது.

பொம்மையம்மா அதைப் பணிவாகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். இன்றைக்கு ஒரு புது விதம், முதலில் எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லி, மிளகாய்ச் சாந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் ஆவலோடு ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்திக் கிண்ணத்துக்குள் பார்த்தார். இன்னொரு கரண்டி அள்ளினார், முதல் கரண்டி பொய் சொல்லியிருக்கலாம் என்று நினைத்த மாதிரி. அது பொய் சொல்லவில்லை.

"என்னங்க ஆச்சு இன்னிக்கு?" என்றார் கவலையாக. "எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கே."

"ஆமாங்க," என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வீட்டுலேருந்துதான் வந்திருக்கு."

திரையை விலக்கிக்கொண்டு அண்ணி வெளியே வந்தாள். தலைமுடி வலையும் ஏப்ரனுமாக, கையில் கரண்டியோடு. பின்னால் உலக்கையோடு குட்டி. வீட்டுக்காரரின் வலது கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி மிதித்தது. ஆனால் நிற்க வேண்டியது எதுவும் நிற்கவில்லை. அண்ணி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

 அவர் மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"நீச்சல் வகுப்பு இங்கதான் நடக்குதா?"

 அந்தக் கேள்வியை மட்டும் அண்ணி எதிர்பார்க்கவில்லை. குட்டிதான் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ஆழம் ஒண்ணும் ஜாஸ்தி இல்லண்ணா. கிண்ணத்து அளவுதான்."

முதலில் சிரித்தது யார் என்று பிறகு வெகுநாள் சண்டை நடந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள், காரணம் புரியாமலே பொம்மையம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து முதலில் நிறுத்தியது மட்டும் அண்ணி.

"புண்ணு எப்ப ஆறுச்சு?"

அவர் கை தன்னையறியாமல் வயிற்றுப் பக்கம் போனது. பொம்மையம்மா பக்கத்தில் நின்று அந்தக் கையையே பார்த்தாள். கை திரும்பி மேசைக்கு வந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றைக்கே சொல்லிவிடத்தான் நினைத்தாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதுகுக்குத் தலையணை வைத்தாளாம். டாக்டர் என்னங்க சொன்னார் என்று கேட்டபோது அவள் குரல் நடுங்கியதாம். சொன்னால் தலையணை போய்விடும் என்று நாளைக்குத் தள்ளினாராம். மறுநாள் சந்தைப் பை தூக்கும் வேலை வந்ததாம். அதற்கு அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி.

"நீ அவ்வளவு மெதுவா எங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு," என்றார் கடைசியில், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. "அதான் விட மனசு வரல."

அண்ணிக்குள் ஏதோ இளகியது. அதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று ஏப்ரன் முடிச்சைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது குரல் பழையபடி கறாராக இருந்தது. மெதுவாகப் பேசுவதற்கு நோய் வேண்டியதில்லை, கேட்டிருந்தால் சும்மாவே பேசியிருப்பேன் என்றாள். நாக்கில்லாத வம்சம் என்று ஊரெல்லாம் சொன்னதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது என்றாள். அந்த வம்சத்தில்தான் நீயும் பிறந்தாய் என்று குட்டி அண்ணனுக்கு ஞாபகப்படுத்தினாள். தண்டனை அங்கேயே தீர்மானமானது. முன்னால் இருக்கிற கிண்ணத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவர் குடிக்க வேண்டும், தன் கடையில் எதுவும் வீணாகக் கூடாது என்று பொம்மையம்மாவும் அதை ஆமோதித்தாள். அவர் குடித்தார். இத்தனை மாதம் தான் மற்றவர்களைக் குடிக்க வைத்ததை இப்போதுதான் முதல் தடவையாக உண்மையிலேயே ருசி பார்க்கிறவர் மாதிரி மெதுவாகக் குடித்தார். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சிவப்பு எண்ணெய் மிதக்கிற பூன் போ மூன்று கிண்ணம் வந்தது. அவருக்கு வழக்கமாக விழும் கூடுதல் கறித்துண்டு அன்று அண்ணியின் கிண்ணத்தில் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் மிளகாய்க்கு மறுபடியும் அடுப்பங்கரையில் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டியைக் கழுவினார். மாமியார் வீட்டுக்குப் போய், உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு வந்தார், அது அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வாரம் ஒருநாள் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். எந்தக் கடைக்கு என்பதில்தான் தகராறு. அண்ணி வடக்கு, குட்டி தெற்கு, அவர் நடு. அவர் ஓட்டினால் கார் தானாகத் துணி வெளுக்கும் கடைப் பக்கம் திரும்பியது. குட்டி ஓட்டினால் டயர் கடைப் பக்கம்.

பொம்மையம்மாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. இத்தனை நாள் தான் பரிதாபப்பட்ட சமையலை நிஜமாகவே ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றாள். கடை மூடியிருக்கும் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அண்ணி காலையிலிருந்து ஓடியாடிச் சமைத்தாள். மீனை வறுத்தாள், கறியை மிளகாய் அரைத்துப் போட்டு வேகவைத்தாள், ஒவ்வொன்றையும் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் விட்டு ருசி கேட்டாள். எல்லாம் பிரமாதம் என்றார் அவர். இனி வேறு எதுவும் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

பொம்மையம்மா பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். தலை நிமிராமல், ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டு காலியானதும் கைக்குட்டையால் மேலுதட்டை ஒற்றிக்கொண்டு, தெற்கத்திக்காரர்கள் சமையல் மாதிரி இருக்கிறது என்றாள்.

பார்த்தீங்களா அண்ணி, பாராட்டிட்டாங்க என்றாள் குட்டி. அது பாராட்டு இல்லை, இனிப்பு கூடிப்போச்சு என்று சொல்கிறாள் என்றார் வீட்டுக்காரர், ஹுவேக்காரி வாயிலிருந்து தெற்கு என்று வந்தால் அது திட்டுதான். அப்படியானால் வடக்கு என்று சொல்லியிருந்தால் என்ன அர்த்தம் என்று அண்ணி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். குட்டி அண்ணனைத் தாளிக்க ஆரம்பித்தாள், அண்ணி இரண்டு பேரையும் சேர்த்துத் தாளித்தாள். அவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பொம்மையம்மா கறிச்சட்டியைத் தானே தன் பக்கம் இழுத்து, அடியோடு வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.